டிஷ்ஷைக் கழற்றுமுன்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பஸ்ஸில் சன்னலோரம் அமர்ந்து, கடைகளையும் சனங்களையும் பாராமல் வீட்டுக் கூரைகளை மாத்திரமே கவனித்துக்கொண்டு போகிறவருக்கு, இந்தக் கரையோரப் பிரதேசத்தின் தொலைக்காட்சிச் சரித்திரம் ஏடு விரிக்காமலே விளங்கிவிடும். உயரமான இரும்புக் குழாயின் நுனியில் துருவேறி, குறுக்குக் கம்பிகளில் பாதி உதிர்ந்து நிற்கும் அன்ரெனா, 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினி தொடங்கியதன் பின் வந்த தலைமுறையினுடையது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலையுச்சியிலிருந்து புறப்பட்ட அலை, நேர்கோட்டில் ஏறத்தாழ 125 கிலோமீற்றர் கடந்து இந்தக் கடற்கரையை அடையும்போது மெலிந்துபோயிருந்தமையால், அதனை எட்டிப் பிடிப்பதற்குக் குழாயின்மேல் குழாய் பூட்டி உயர்த்த வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த தலைமுறை, கைப்பிடிச் சுவரில் ஆணியடித்து நிறுத்தப்பட்ட சிறிய டிஷ். உள்நாட்டுக் கம்பனிகள் பூட்டியவை சில, இந்தியாவில் விற்கப்பட்டுக் கடல் தாண்டி வந்தவை சில. எல்லாவற்றுக்கும் கீழே, மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கி, ஒவ்வொரு வளவுக்குள்ளும் ஒரு கிளை விட்டுச் செல்லும் கறுப்புக் கம்பியே இப்பொழுது நடக்கும் அத்தியாயம்.

இந்த அத்தியாயத்தின் பாஷை விலைக்கழிவின் பாஷை. டிஷ்ஷை விட்டுவிட்டுக் கேபிளுக்கு வருவோருக்கு முதல் ஆறு மாதம் பாதிக் கட்டணம், பொக்ஸ் இலவசம், இணைப்புக் கூலியில் கழிவு என்று துண்டுப் பிரசுரங்கள் வாசலுக்கு வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் இளைஞர், “மழைக்கு நிக்கிற கரைச்சல் இனி இல்ல காக்கா” என்று ஒரு வாசகமும் சேர்த்துச் சொல்கிறார். பணத்தைப் பற்றிய வாக்குறுதியைப் பிறகு பார்ப்போம். மழையைப் பற்றிய வாக்குறுதி பௌதிகத்தைச் சேர்ந்தது; அது எவ்வளவு தூரம் மெய் என்று விசாரித்தால், கேபிளுக்கு மாறுகிறவர் ஆகாயத்தை விட்டு நிலத்துக்கு வந்துவிடவில்லை என்பதும், தம் கூரையிலிருந்த டிஷ்ஷைக் கேபிள்காரருடைய கூரைக்கு இடம் மாற்றியதே அவர் செய்த காரியம் என்பதும் தெரியவரும்.

செய்மதி மூலம் உலகெங்கும் ஒளிபரப்பலாம் என்ற எண்ணத்தைப் பிரசித்தப்படுத்தியவர் இந்தத் தீவிலேயே நெடுங்காலம் வாழ்ந்து மறைந்தவர் என்பது நம்மவருள் பலர் மறந்துவிட்ட செய்தி. ஆர்தர் சி. கிளார்க், 1945 ஒக்ரோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், பூமத்தியரேகைக்கு மேலே ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் பூமி முழுவதற்கும் அலை பரப்பலாம் என்று கணக்குக் காட்டினார். எரிந்துபோகும் வால்வுகளை மாற்றுவதற்கு அந்த நிலையங்களில் ஆட்கள் குடியிருக்க வேண்டும் என்று அவர் நினைத்தது ஒன்றுதான் பிசகிற்று. 1956 முதல் இலங்கையில் தங்கிய அவர் 2008இல் கொழும்பிலேயே காலமானார். 1975இல், இந்தியா அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செய்மதியைக் கொண்டு ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பிப் பரீட்சித்தபோது, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் ஒரு பெரிய டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தது. இலங்கையின் முதல் தொலைக்காட்சி நிலையமே 1979 ஏப்ரலில்தான் பிறந்தது. ஆகையால் இந்நாட்டில் வீட்டுக்குள் தொலைக்காட்சி பார்த்த முதல் மனிதர்களுள் ஒருவர் ஆகாயத்திலிருந்து நேரே பெற்றே பார்த்தார்.

அவர் சொன்ன உயரம் கடல் மட்டத்திலிருந்து 35,786 கிலோமீற்றர். பூமியைச் சுற்றும் எந்தப் பொருளும் தாழ்ந்து சுற்றினால் விரைந்தும், உயர்ந்து சுற்றினால் மந்தமாகவும் செல்லும் என்பது ஈர்ப்புவிசையின் விதி. மேற்படி உயரத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் செய்மதிக்கு ஒரு சுற்று முடிக்க 23 மணி 56 நிமிடம் ஆகிறது. பூமி தன் அச்சில் ஒருமுறை சுழல்வதற்கும் அதே காலம்தான். ஓடிக்கொண்டே இருந்தும் நம் பார்வைக்கு அது அசையாமல் நிற்பதன் இரகசியம் அவ்வளவே. நாம் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டு மறந்துவிடுவதும் அதனாலேயே சாத்தியமாகிறது.

கல்முனை பூமத்தியரேகைக்கு வடக்கே ஏழரைப் பாகைக்குச் சற்றுக் குறைந்த தூரத்திலும், கிழக்குத் தீர்க்கரேகை 82 பாகைக்கு மிக அருகிலும் அமைந்திருக்கிறது. இந்தியச் செய்மதிகள் நிற்கும் இடங்களுள் ஒன்று 83 பாகை. அங்கே நிற்பதைக் கல்முனையிலிருந்து பார்ப்பவர் தொடுவானத்திலிருந்து 81 பாகை அளவுக்கு, அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, அண்ணாந்து பார்க்க வேண்டும். இலண்டன் வாசி தம் டிஷ்ஷை 25 பாகை உயரத்துக்கு மாத்திரம் தூக்கினால் போதும். நமக்கு வாய்த்த இந்தச் செங்குத்தான பாதையால் ஒரு நன்மை உண்டு: அலை மழைப்படலத்தைச் சாய்வாகக் கடக்காமல் குறுக்கே துளைத்துக்கொண்டு வருகிறது. நம் மழை அந்த நன்மையை விழுங்கிவிடுகிறது என்பதே துரதிர்ஷ்டம்.

முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் கடந்து வந்து, அறுபது சென்ரிமீற்றர் டிஷ்ஷில் விழும் அலைச் சக்தி ஒரு வாற்றின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவினது. அந்தத் துளியைத் திரட்டி, எல்.என்.பி. என்று நாம் அழைக்கும் சிறு கருவி கீழே பொக்ஸுக்கு அனுப்புகிறது. வீட்டு டிஷ்களுக்கு வரும் அலைகளின் மீடிறன் ஏறத்தாழ 12 கிகாஹேர்ட்ஸ். அவற்றின் அலைநீளம் இரண்டரைச் சென்ரிமீற்றர். அலைநீளம் குறுகக் குறுக, மழைத்துளிகள் அதனை உறிஞ்சுவதும் சிதறடிப்பதும் அதிகரிக்கும். ஒக்ரோபர் தொட்டு ஜனவரி வரை வாடைக்காற்றோடு வரும் மாரியில், மணிக்கு 100 மில்லிமீற்றர் என்ற வீதத்தில் கொட்டும் சில நிமிடங்களை எடுத்துக்கொள்வோம். அத்தகைய மழையினூடே செல்லும் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் இந்த அலை தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதையே மிச்சமாகக் கொண்டு வெளிவருகிறது. மூன்று கிலோமீற்றர் கடந்தால் முப்பதில் ஒரு பங்குகூட எஞ்சாது. பூமத்தியரேகைப் பிரதேசங்களில் மழைத்துளிகள் உருவாகி விழும் படலமோ ஐந்து கிலோமீற்றர் வரை உயர்ந்தது.

பழைய அன்ரெனாக் காலத்தில் அலை மெலிந்தால் படம் புள்ளி விழுந்து, மங்கி, ஆளை அடையாளம் காணும் அளவுக்காவது நின்றது. இக்காலத்து எண்முறை ஒளிபரப்பில் பிழைகளைத் திருத்தும் கணக்கு ஒன்று அலையோடு கூடவே வருகிறது. பிழைகள் ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை அது எல்லாவற்றையும் திருத்திப் பளிங்குபோன்ற படத்தைக் காட்டும். வரம்பு தாண்டியதும் ஒன்றையும் திருத்த முடியாமல் கைவிட்டுவிடும். முதலில் கட்டம் கட்டமாக உறையும் முகங்களும், அடுத்த கணமே ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பும் வருவதன் காரணம் இதுவே. நல்ல வெய்யிலிலும் வருஷத்துக்கு இரண்டு தடவை இதே அறிவிப்பு வருவதுண்டு. மார்ச் நடுப்பகுதியிலும் செப்ரெம்பர் பிற்பகுதியிலும் சில நாட்கள், மேற்சொன்ன 83 பாகைச் செய்மதிக்கு நேர் பின்னே நடுப்பகலில் சூரியன் வந்து நிற்கும். சூரியனும் ஒரு மாபெரும் வானொலி நிலையமாகையால், அதன் இரைச்சலில் செய்மதியின் மெல்லிய குரல் சில நிமிஷங்கள் அமிழ்ந்துபோகும். இதனைப் பொக்ஸின் பழுதென்று எண்ணிப் பழுதுபார்ப்பவருக்குக் காசு கொடுத்தோர் இல்லாமல் இருக்க மாட்டார்கள்.

இனிக் கேபிள்காரரின் கூரைக்குப் போவோம். அங்கே எட்டு அடி, பத்து அடி விட்டமுள்ள பெரிய டிஷ்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். இந்தியத் தமிழ்ச் சானல்கள் பலவும் கேபிள்காரர்களுக்கென்று தனியாக, 4 கிகாஹேர்ட்ஸுக்கு அண்மித்த சீ அலைவரிசையில் அனுப்பப்படுகின்றன. அதன் அலைநீளம் ஏழரைச் சென்ரிமீற்றர். மேலே சொன்ன அதே பேய்மழையில் ஒரு கிலோமீற்றருக்கு இந்த அலை இழப்பது நூற்றில் நான்கு பங்கு அளவே. மழை அதற்கு ஒரு பொருட்டே அன்று. அப்படியானால் எல்லா வீட்டுக்கும் அந்த அலையையே அனுப்பிவிடலாமே என்று கேட்கத் தோன்றும்; அலைநீளம் மூன்று மடங்கானால் அதே கூர்மையோடு ஒரு செய்மதியை நோக்குவதற்கு டிஷ்ஷின் விட்டமும் மூன்று மடங்காக வேண்டும், அத்தனை பெரிய டிஷ்ஷை மூன்று பேர்ச் வளவில் எங்கே வைப்பது? ஆகவே இளைஞரின் வாசகம் பொய்யன்று. ஆனால் மழையை வென்றது கம்பியன்று, கம்பியின் மறுமுனையில் நிற்கும் பெரிய டிஷ்ஷே. சில கேபிள்காரர்கள் செலவைச் சுருக்கி, நம் வீட்டில் இருந்தது போன்ற சிறிய டிஷ்ஷையும் பொக்ஸையுமே வைத்துத் தெருவுக்கெல்லாம் பங்கிடுவதுண்டு. அவர்களிடம் மாறுகிறவருக்கு மழை ஒரு வீட்டிலிருந்து ஊருக்கே விஸ்தரிக்கப்படும், அவ்வளவுதான்.

கம்பிக்கென்று தனியாக ஒரு வியாதி உண்டு. வீட்டுக்குள் இழுக்கப்படும் சாதாரணக் கோஅக்சியல் கம்பியின் நூறு மீற்றர் நீளத்தில், உயர்ந்த மீடிறன் கொண்ட சானல்கள் நூறில் ஒரு பங்கு சக்தியோடுதான் மறுமுனைக்குப் போய்ச் சேர்கின்றன. அதிவேகமாகத் துடிக்கும் மின்னோட்டம் செம்பின் உட்பகுதியில் பரவாமல் மேற்றோலிலேயே நெருங்கி ஓடுவது இதற்கு முக்கிய ஹேது. குறைந்த மீடிறன் கொண்ட சானல்கள் அவ்வளவு இளைப்பதில்லை, ஆகையால் ஒரே கம்பியில் சில சானல் தெளிவாகவும் சில சானல் மோசமாகவும் தெரிவதுண்டு. இழந்ததை ஈடுசெய்யத் தெருவில் அம்பிளிபயர் பூட்டுவார்கள். ஒவ்வொரு அம்பிளிபயரும் படத்தோடு கூடவே தன் சொந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். வரிசையின் கடைசி வீட்டுக்காரர் இந்த இரைச்சல்கள் அனைத்தின் வாரிசு. அவ்வளவும் போதாதென்று, கடற்காற்றின் உப்பு ஈரம் கம்பியின் மூட்டுக்களில் நுழைந்து செம்பைப் பச்சையாக்கிவிடும். தெருவில் கரண்ட் போனால் வீட்டில் ஜெனரேற்றர் வைத்திருப்பவருக்கும் படம் இல்லை, ஏனெனில் வழியிலுள்ள அம்பிளிபயருக்கு மின்சாரம் இல்லை. மின்கம்பங்களும் தென்னைகளும் ஒருங்கே சாய்ந்த 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள், கம்பத்தை நம்பிய எதனையும் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் உண்டு.

ஆயினும் செய்மதியும் சிரஞ்சீவியன்று. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செய்மதியின் மின்சக்தி அமைப்பில் கோளாறு நேர்ந்து அதன் கருவிகளில் ஒரு பகுதியை நிறுத்த வேண்டி வந்தபோது, அதனை நம்பியிருந்த சன் டைரக்ட் நிறுவனம், இரண்டே பாகை தள்ளி நின்ற மலேசியாவின் மீசாட்-3 செய்மதிக்கு மாறிற்று. இரண்டு பாகை என்றால் ஆகாயத்தில் நான்கு முழுச்சந்திரன்களை அடுக்கிய அகலம். சிறிய டிஷ்ஷின் கூர்ந்த பார்வைக்கு அந்த விலகலே அதிகம். ஆதலால் கூரைகள்தோறும் ஏறி டிஷ்களைத் திருப்பும் பிரயாசை உண்டாயிற்று. கம்பி அறுந்தால் ஒரு தெரு இருளும், செய்மதி பழுதானால் ஒரு தேசமே இருளும்.

கம்பியின் வியாதிக்கு மருந்து கண்ணாடி. ஒளியிழையில் செல்லும் ஒளி, கோஅக்சியல் கம்பியின் நூறு மீற்றரில் நிகழும் அதே நஷ்டத்தை அடைவதற்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் பயணம் செய்ய வேண்டும். அதாவது கல்முனையில் புறப்பட்டுப் பொத்துவிலைத் தாண்டியும் அம்பிளிபயர் வேண்டியதில்லை. உப்புக்காற்று அதனை அரிப்பதில்லை, மின்னல் அதன் வழியே வீட்டுக்குள் நுழைவதில்லை. ஸ்ரீலங்கா ரெலிகொம் 2008இல் தொலைபேசியின் செப்புக் கம்பியில் தொடங்கிய பியோ ரீவி, பிற்காலத்தில் ஒளியிழையிலும் ஏறிற்று. இவ்வகைச் சேவைகளில் ஒரு வேடிக்கை உண்டு. செய்மதிக்குச் சென்று திரும்புவதால் அலைக்கு உண்டாகும் தாமதம் கால் செக்கனே. எண்களாகச் சுருக்கி, பொதிகளாகக் கட்டி, தடங்கலின்றிக் காட்டுவதற்காகச் சிறிது சேமித்து வைத்து வெளியிடுவதால் உண்டாகும் தாமதமோ பல செக்கன்கள் ஆகலாம். கிரிக்கெட் போட்டியில் பக்கத்து வீட்டு டிஷ்காரர் ஆறு ஓட்டத்துக்குக் கூவி முடித்தபின் நம் திரையில் பந்து வீசப்படுவது அதனாலேயே. தூரத்தில் உள்ளது முந்தியும் அருகில் உள்ளது பிந்தியும் வருவதைச் சகிக்க முடியாதவர்கள் இந்தக் காரணத்துக்காகவே டிஷ்ஷை வைத்துக்கொள்வதை நான் குறைகூற மாட்டேன்.

இப்பொழுது கழிவின் கணக்கு. செய்மதி, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் பாங்கைப் போன்றது; கேட்கும் எல்லைக்குள் ஒரு வீடு இருந்தாலும் ஆயிரம் வீடு இருந்தாலும் அதற்குச் செலவு ஒன்றே. கேபிளுக்கோ வீட்டுக்கு வீடு செலவு. எனவே அதன் இலாபம் வீடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. கிழக்கே சமுத்திரமும் மேற்கே வயலும் நெருக்க, நடுவிலே ஒடுங்கிய மணற்றிட்டில் மதிலோடு மதில் ஒட்டக் குடியிருக்கும் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்கள் இந்தக் கணக்குக்கென்றே அமைந்தவை போலும். தெருவில் கம்பி இழுத்த செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. அந்தத் தெருவில் ஐந்து வீடு சேர்ந்தாலும் ஐம்பது வீடு சேர்ந்தாலும் அம்பிளிபயர் அதே, கம்பம் அதே. ஆகவே ஆறாவது வீட்டைப் பாதி விலைக்குச் சேர்த்தாலும் கம்பனிக்கு நஷ்டமில்லை.

பாதி விலையில் சேர்த்தவரை முழு விலையில் வைத்திருப்பது எப்படி என்பது இரண்டாவது பாதி. பொருளியலறிஞர் பால் கிளெம்பரர் 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு வாடிக்கையாளர் படவேண்டிய செலவும் சிரமமும் இருக்கும் வியாபாரங்களில், புதியவருக்கு மலிவும் பழையவருக்கு உயர்வுமாக விலை அமைவது இயல்பென்று எடுத்துக்காட்டினார். டிஷ்ஷைக் கழற்றி, சுவரில் ஓட்டை போட்டு, பொக்ஸை மாற்றி, புதிய ரிமோட்டுக்கு உம்மாவையும் பிள்ளைகளையும் பழக்கிய குடும்பம் ஆறு மாதத்தின்பின் அவ்வளவு சிரமத்தையும் மறுபடி படுமா? படமாட்டாது என்ற நம்பிக்கையிலேயே கழிவு தரப்படுகிறது. விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். டிஷ்ஷுக்கு இப்போது மாதம் 1,500 ரூபா. கேபிளின் முழுக்கட்டணம் 1,800, முதல் ஆறு மாதம் 900, இணைப்புக்கு 4,000 என்றால், இரண்டு வருஷத்தில் டிஷ்ஷுக்கு 36,000 ரூபாவும் கேபிளுக்கு 41,800 ரூபாவும் ஆகும். கழிவு நடக்கும் அந்த ஆறு மாதத்தை மாத்திரம் எடுத்தாலும், டிஷ்ஷுக்கு 9,000, கேபிளுக்கு 9,400. பாதி விலை என்ற சொல் காதில் விழுந்ததும் இந்தக் கூட்டலைச் செய்ய மனம் மறுக்கிறது. துண்டுப் பிரசுரங்களும் மாதக் கணக்கைப் பெரிய எழுத்திலும் மற்றதைச் சிறிய எழுத்திலும் அச்சிடுகின்றன.

இதனால் மாறக்கூடாதென்பது என் அபிப்பிராயமன்று. வீடுகள் நெருங்கிய கரையோரத் தெருக்களில், வாசல்வரை ஒளியிழை வருகிறதென்றால், மாரிகாலம் முழுவதும் படம் நிற்காத அந்தச் சேவைக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பதும் நியாயமே. வாசலுக்கு வருவது பழைய செப்புக் கம்பியானால், உங்கள் வீடு அம்பிளிபயரிலிருந்து எத்தனையாவது என்றும், கரண்ட் போனால் தெருவில் பற்றரி உண்டா என்றும், கேபிள்காரரின் டிஷ் எத்தனை அடி என்றும் கேட்டுப் பாருங்கள். சம்மாந்துறைக்கு அப்பால் வயலோரத்தில் தனித்து நிற்கும் வீடுகளுக்கும், பொத்துவில் பக்கத்துச் சிதறிய குடியிருப்புகளுக்கும் டிஷ்ஷே தகுந்தது; வருஷத்தில் சில மணி நேரம் மழைக்குப் படம் நிற்பதை அவர்கள் பொறுத்துக்கொள்ளலாம். யாராக இருந்தாலும், ஏழாம் மாதத்துக் கட்டணம் எவ்வளவு என்பதை வரிகளோடு சேர்த்துத் துண்டிலேயே எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுப்பவருக்காக டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம்.